பனிச்சாலையில் நால்வர்

பனி என்னும் சொல்லைத் தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை மார்கழி மாதத்தில்தான் முதன்முதலாகக் கேட்கிறது. வைகறையில் வாசலில் கோலமிடச் செல்லும் தாய், "தலையில் துண்டைக் கட்டிக்கொள், பனி பெய்கிறது" என்பாள். அந்தப் பனி, புல்லின் நுனியில் நிற்கும் ஒரு துளி. கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த தமிழர், மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றனர். மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர்.

அதே சொல் லடாக்கில் வேறொரு முகம் காட்டுகிறது. அங்கே தை மாதத்தில் குழாய்களில் நீர் உறைந்து நிற்கும். சிந்து ஆற்றின் கரையோரம் கண்ணாடிப் பாளமாக இறுகிக் கிடக்கும். துவைத்துக் கொடியில் போட்ட சட்டை சிறிது நேரத்தில் பலகைபோல் விறைத்துவிடும். அப்பனியை அறிந்துகொள்ளத் தூத்துக்குடிச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. ஒரு தோழனும் தேவைப்பட்டான்.

அவனுடைய தந்தை எல்லைச் சாலை அமைப்பில் பணிபுரிபவர். அவருக்கு லே நகருக்கு மாற்றல் கிடைத்ததும், வைகாசி மாதத்தில் குடும்பமும் உடன் வந்தது. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். கடற்கரை மணலில் நாள்தோறும் ஓடிப் பழகிய சிறுவன், வந்த புதிதில் இரண்டு மாடிப்படிகளை ஏறியே மூச்சிரைத்து நின்றான். உடல் மெல்ல மெல்லப் பழகியது. ஐப்பசி மாதத்தில் அவன் மீண்டும் ஓடத் தொடங்கினான்.

பள்ளியில் அவனுக்கு மூன்று தோழர்கள் வாய்த்தனர். நால்வரும் ஒருவரையொருவர் ஊர்ப்பெயராலேயே அழைத்துக்கொண்டனர். இவன் 'தூத்துக்குடி'. மற்ற இருவர் 'லூதியானா', 'ஆலப்புழை'. நான்காமவன் அந்த மண்ணிலேயே பிறந்தவன். லே நகருக்குத் தென்கிழக்கே 15 கிலோமீட்டர் தொலைவில், லடாக் மன்னர்களின் பழைய அரண்மனை நிற்கும் ஷே என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன். ஆகவே அவன் பெயர் 'ஷே'.

குளிர்கால விடுமுறையில் பலரும் சொந்த ஊர்களுக்குச் சென்றுவிடுவர். அவ்வாண்டு இந்த நால்வரும் லடாக்கிலேயே தங்கினர். அவ்வேளையில் ஷே ஊர் இளைஞர்கள் ஒரு சாலை ஓட்டத்திற்கு ஏற்பாடு செய்தனர். அரண்மனையின் அடிவாரத்தில் தொடங்கித் திக்சே மடாலயத்தின் அடிவாரம் வரை சென்று, வந்த வழியே திரும்ப வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்.

உறைபனியில் ஓடுவது லடாக்கிற்குப் புதிதன்று. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், உறைந்து கிடந்த பாங்கோங் ஏரியின்மீது 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடைபெற்றுக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றது. அதற்குக் 'கடைசி ஓட்டம்' என்று பெயர் சூட்டியிருந்தனர். புவி வெப்பமடைந்துகொண்டே போனால் ஏரி உறைவதே நின்றுவிடக்கூடும். பின்னர் ஓட்டம் ஏது என்னும் எச்சரிக்கையே அப்பெயர். அந்த ஓட்டத்தின் படங்களைப் பார்த்த நாள்முதல் தூத்துக்குடியின் மனத்தில் ஓர் ஆசை வளர்ந்திருந்தது. ஏரி தொலைவில் இருந்தாலென்ன? சாலை இருக்கிறதே!

ஓட்டத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஷே மற்ற மூவருக்கும் ஆசானானான். "பருத்திப் பனியனை உள்ளே அணியாதீர்கள். அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்றதும் அந்த ஈரமே உடம்பைக் குளிர்விக்கும். கம்பளி நனைந்தாலும் கதகதப்பை முழுவதும் விட்டுவிடாது. தடித்த ஒரே சட்டையைவிட மெல்லிய மூன்று சட்டைகள் மேல். அவற்றின் இடையே தங்கும் காற்றுத்தான் குளிரைத் தடுக்கும். விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறை வேண்டாம். நான்கு விரல்களும் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்" என்றான். நீர்ப்புட்டியைத் தலைகீழாக வைக்கும்படியும் கூறினான். நீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும். புட்டியைக் கவிழ்த்து வைத்தால் வாய்ப்பக்கம் எளிதில் அடைபடாது.

இவற்றையெல்லாம் மூவரும் ஏற்றுக்கொண்டனர். ஆனால் அவன் இறுதியாகச் சொன்னதைக் கேட்டுத் தூத்துக்குடி சிரித்துவிட்டான்.

"இருவர் இருவராக ஓட வேண்டும். அடிக்கடி ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டும். குளிரில் தன் முகம் தனக்குத் தெரியாது என்று என் பாட்டி சொல்வாள்."

"என் முகம் எனக்குத் தெரியாமல் போகுமா? வலித்தால் உணர மாட்டேனா?" என்று கேட்டான் தூத்துக்குடி. ஷே மறுமொழி கூறவில்லை. "நீ என்னோடு" என்று மட்டும் சொன்னான்.

ஓட்ட நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு வெப்பமானி சுழியத்திற்குக் கீழே 14 பாகையைக் காட்டியது. வானம் மேகமற்று ஆழ்ந்த நீலமாக இருந்தது. நாற்பது பேர் அளவில் கூடியிருந்தனர். கம்பளி அங்கியான கோஞ்சா அணிந்த முதியோர் சாலையோரம் நின்று, "ஜூலே! ஜூலே!" என்று வாழ்த்தினர். கொடி அசைந்தது.

முதல் கிலோமீட்டரிலேயே தூத்துக்குடியின் கால்கள் தம் பழைய வேகத்தைக் கண்டுகொண்டன. கடற்கரை மணலில் ஓடியவனுக்குத் தார்ச்சாலை எளிதாயிருந்தது. ஷே நிதானமாக ஓடினான். "மெதுவாக! மூச்சை மூக்கால் இழு" என்று அவன் சொன்னது சிறிது நேரம் பின்னாலிருந்து கேட்டது; பிறகு கேட்கவில்லை. இருவர் இருவராக ஓடுவது என்னும் உடன்பாடு, இரண்டாம் கிலோமீட்டர் முடியுமுன்பே முறிந்தது.

மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணிமைகளில் வெள்ளை முட்களாக உறைந்தது. முகத்தைச் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையும் அந்த ஈரத்தில் நனைந்து, பின்பு அட்டையைப்போல் விறைத்தது. அது வாயை அடைப்பதாகத் தோன்றவே, தூத்துக்குடி அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டான். காற்று கன்னத்தில் ஊசிகளாகக் குத்தியது. அவன் பொறுத்துக்கொண்டு ஓடினான்.

திக்சே மடாலயம் குன்றின்மேல் அடுக்கடுக்காக வெண்ணிறத்தில் எழுந்து நின்றது. அதன் அடிவாரத்தில் அவன் திரும்பியபோது, எண்ணிக்கை எடுத்த இளைஞர் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். மூன்றாம் இடம்! லடாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இடையே, கடற்கரையிலிருந்து வந்த ஒருவன் மூன்றாம் இடம்! அப்போதுதான் இன்னொன்றையும் அவன் கவனித்தான். கன்னத்தில் குத்திய ஊசிகள் நின்றுவிட்டன. இப்போது வலி சிறிதும் இல்லை. 'உடம்பு குளிரை வென்றுவிட்டது' என்று எண்ணி மகிழ்ந்தான்.

திரும்பும் வழியில் சிறிது தொலைவு ஓடியதும், எதிரே ஷே வருவது தெரிந்தது. தூத்துக்குடி கையுயர்த்தி மூன்று விரல்களைக் காட்டினான். ஷே விரல்களைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான்.

"நில்!" என்று கத்தினான்.

தூத்துக்குடி நிற்கவில்லை.

"நில்! உன் கன்னம் வெளுத்துவிட்டது!"

"எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை!"

"அதனால்தான் சொல்கிறேன், நில்!"

அந்தக் கணத்தில் தூத்துக்குடியின் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்தது. 'தன் ஊரில், தன் சாலையில், தன்னைவிட வேறொருவன் முந்திச் செல்வது இவனுக்குப் பொறுக்கவில்லை.' அவ்வெண்ணம் ஒரு நொடிதான் நின்றது. ஆயினும் அந்த ஒரு நொடியைப் பிற்காலத்தில் அவன் மறக்க முயன்றும் முடியவில்லை.

தூத்துக்குடி அவனைக் கடந்து ஓடினான். பின்னால் காலடி ஓசை கேட்டது. திக்சேயை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஷே, தன் ஓட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். திரும்புமிடத்தை அடையாதவன் பெயர் பட்டியலில் ஏறாது என்பது அவனுக்குத் தெரியும். எட்டிப் பிடித்து, தோழனின் தோளை இழுத்துக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். தன் கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து மூடினான்.

"என் கை தெரிகிறதா?"

தூத்துக்குடிக்குத் திகைப்பாயிருந்தது. கை கன்னத்தில் இருப்பதைக் கண் கண்டது, கன்னம் அறியவில்லை.

கடுங்குளிரில் நம் உடல், இதயத்தையும் மூளையையும் காக்கும்பொருட்டுத் தோலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகிறது. மூக்கு, காது, கன்னம், விரல் ஆகியவை முதலில் பாதிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் வலிக்கும், பின்பு அவ்விடம் மரத்துப்போகும். தோல் வெளுத்து மெழுகுபோல் ஆகும். இதுவே பனிக்கடியின் தொடக்கம். வலி நின்றது நலத்தின் அறிகுறியன்று. காவல்காரன் மயங்கி விழுந்தான் என்பதே அதன் பொருள்.

அதற்குள் லூதியானாவும் ஆலப்புழையும் வந்து சேர்ந்தனர். லூதியானா பதறிப்போய்க் கன்னத்தைத் தேய்க்கக் கை நீட்டினான். "தேய்க்காதே! உறைந்த தோல் புண்ணாகிவிடும். சூடு மட்டும் போதும்" என்று தடுத்தான் ஷே. ஆலப்புழை தன் உலர்ந்த கழுத்துத்துணியை அவிழ்த்துக் கொடுத்தான். ஒருவர் பின் ஒருவராக ஓட்டக்காரர்கள் அவர்களைக் கடந்து சென்றனர். மூன்றாம் இடம் பத்தாம் இடமாயிற்று. பிறகு எண்ண வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று.

சிறிது நேரத்தில் கன்னத்தில் உணர்வு திரும்பியது. அது நெருப்புக் கங்கை வைத்தாற்போல் எரிந்தது. தூத்துக்குடியின் கண்களில் நீர் வழிந்தது. "வலிக்கிறதா?" என்று கேட்டான் ஷே. "மிகவும்" என்றான் அவன். ஷே முதன்முறையாகச் சிரித்தான். "நல்லது" என்றான்.

எஞ்சிய தொலைவை நால்வரும் முகத்தை மூடிக்கொண்டு நடந்தே கடந்தனர். ஷே வீட்டில் பாட்டி அவர்களைப் புகாரி அடுப்பின் அருகே அமரவிடாமல் சற்றுத் தள்ளி அமர்த்தினாள். மரத்த தோல் சுடுவதையும் உணராது என்பது அவளுக்குத் தெரியும். உப்பும் வெண்ணெயும் சேர்த்த குர்குர் தேநீரை வார்த்துக் கொடுத்தாள். மருத்துவ உதவியாளர் வந்து பார்த்து, தோலோடு நின்றுவிட்டது, அஞ்ச வேண்டியதில்லை என்றார்.

மாலையில் முடிவுப்பட்டியல் ஒட்டப்பட்டது. தூத்துக்குடியின் பெயர் கடைசி வரிகளில் இருந்தது. ஷேயின் பெயர் இல்லை.

வீடு திரும்பியதும் தந்தை மகனின் சிவந்த கன்னத்தைப் பார்த்து, "என்ன தம்பி, விழுந்துவிட்டாயா?" என்று கேட்டார். நடந்தவற்றை அவன் ஒன்றுவிடாமல் கூறினான். அந்த ஒரு நொடி எழுந்த எண்ணத்தையும் கூறினான். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "இதை என்னிடம் சொன்னது போதாது, தம்பி" என்றார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அவன் ஷே ஊருக்குச் சென்றான். அரண்மனைச் சுவரின் வெயில்பட்ட பக்கத்தில் நின்று, தோழனிடம் அதையும் சொன்னான். ஷே கேட்டு முடித்தான். "தெரியும். உன் முகத்தைத்தானே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்!" என்றான்.

அடுத்த ஆண்டும் அதே சாலையில் ஓட்டம் நடந்தது. கூட்டத்தில் சமவெளியிலிருந்து புதிதாக வந்திருந்த சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். தூத்துக்குடி அவனருகில் சென்று அவன் சால்வையைச் சரிசெய்தான்.

"என்னோடு ஓடு. உன் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், என் முகத்தை நீ பார்த்துக்கொள்" என்றான்.

புதியவன் சிரித்தான். தூத்துக்குடி மறுமொழி கூறவில்லை. கொடி அசைந்தது.