கம்பத்தின் உயரம்

மலேசியத் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கப்பெற்றது. சிங்கப்பூரில் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டபடியால், தென் ஜொகூர் மக்களுக்கு இரு நாட்டு அலைகளும் எட்டின. ஆயினும் அவை எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோல் எட்டினவா என்றால், இல்லை என்பதே விடை.

தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. குனோங் லேடாங், குனோங் பூலாய் ஆகிய மலைகளின்மீது ஒளிபரப்புக் கோபுரங்கள் நிறுவப்பட்டதும் அதனால்தான். தோட்டத்து லயன் வீடுகளோ பெரும்பாலும் பள்ளத்தில் இருந்தன. இடையிலே மேடு, சுற்றிலும் ரப்பர் மரங்கள், மழையில் நனைந்த இலைகள் அலையை மேலும் நலிவுறச் செய்தன. மேட்டில் மோதித் திரும்பிய அலை சற்றே பிந்தி வந்தமையால், திரையில் ஒருவர் இருவராகத் தோன்றினார். ஆகவே மூங்கிலும் இரும்புக் குழாயும் கூரைக்குமேல் உயர்ந்தன. வெளியே ஒருவர் ஏரியலைத் திருப்ப, உள்ளேயிருந்து மற்றொருவர், "போதும், விடுங்க!" என்று கூவுவார். மின்சாரம் இல்லாத இடத்தில் கார் பேட்டரியே துணை.

படம் மங்கினும் குரல் கேட்டது. பாதி தெரிந்ததை மனம் நிறைவுசெய்து கொண்டது. 2019ஆம் ஆண்டில் பழைய முறை நிறுத்தப்பட்டு, இலக்கமுறை ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இது சிறு பிழைகளைத் தானே திருத்தித் தெளிந்த படம் தரும். அலையின் வலிமை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலோ ஒன்றுமே தராது. மங்கல் என்னும் இடைநிலை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வானத்தை நோக்கும் வட்டத்தட்டு பள்ளத்திலும் படம் தரும் என்பது உண்மையே; ஆனால் அதற்குத் தனிச் செலவு உண்டு.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய குறையன்று. 1972ஆம் ஆண்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தோன்றியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரியில், 'டிடிக் டிவி' பாடங்களை வீடுகளுக்கே கொண்டுவந்தது. இணைய வசதியில்லாத மாணவனுக்கு அதுவே வகுப்பறை. அந்த அலையும் எட்டாத வீட்டுப் பிள்ளைக்கு எது வகுப்பறை?

"பாடத்தைப் பார்த்தாயா?" என்று கேட்பது ஆசிரியர்க்கு எளிது. "உன் வீட்டில் படம் தெரிகிறதா?" என்று முதலில் கேட்பதே முறை. முயற்சியின்மை வேறு, அலையின்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி மதிப்பெண் இடுவோமாயின், நாம் அளப்பது மாணவனின் அறிவையன்று. அவன் வீட்டுக் கம்பத்தின் உயரத்தையே.