கோப்புகள் கூடிய ஆண்டு

ஆண்டறிக்கை எழுதும் மாதம் வந்துவிட்டால் எங்கள் மையத்தில் எல்லோருக்கும் எண்கள்மீது பக்தி பிறந்துவிடும். மாவட்டத் தலைநகரில், நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் சின்னத் தொண்டு அமைப்பு எங்களுடையது. போன ஆண்டு கோப்புகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. நிதி தருகிறவர்கள் இதை வளர்ச்சி என்கிறார்கள். சரிதான். ஆனால் அதற்காக நாங்கள் செய்தது மிகக் கொஞ்சம். மாடியிலிருந்த அலுவலகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினோம். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வாரத்தில் சில நாள் வரச் சொன்னோம். படியேற முடியாமலும், வந்தாலும் பேச ஆளில்லாமலும் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். இத்தனை காலம் அவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் கேள்வி.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. நீதிமன்றத்தைத் தடையின்றி அணுகும் உரிமையைத் தனிப் பிரிவாகவே எழுதி வைத்தது. பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வேலை? கோப்பு வக்கீல் மேசைக்கு வருமுன்னே பாதி வேலை கிடக்கிறது. மருத்துவச் சான்று, அடையாள அட்டை, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு, அங்கே கூட்டிப்போய்க் கூட்டிவர ஓர் ஆள். இதையெல்லாம் எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லித் தருவதில்லை: யாரைப் பார்த்துப் பேசுவது என்பதை. கட்சிக்காரரிடம் கேள்வி கேட்டால் துணைக்கு வந்தவர்தான் பதில் சொல்வார். “அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் சொல்றேன்.” ஜூனியர்களுக்கு நான் வைத்திருக்கும் முதல் விதி, துணைக்கு வந்தவரை டீ குடிக்க அனுப்புவது. அவர் திரும்பி வருவதற்குள் வழக்கே வேறாகியிருக்கும், பல தடவை.

ஓர் அண்ணன், காது கேளாத தங்கையோடு வந்தார். தங்கைக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், பள்ளிக்கூடம் போனதில்லை. “கார்டியனா என் பேரைப் போட்டுக் குடுத்தீங்கன்னா, பாகப்பிரிவினைப் பத்திரத்துல அவளுக்கும் சேத்து நானே கையெழுத்துப் போட்ருவேன்” என்றார். கெட்டவர் இல்லை. தாய் தகப்பனுக்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டவர் அவர்தான். ஆனால் அப்படிப் போட்டுக் கொடுக்க முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். 2016ஆம் ஆண்டின் சட்டம் சொல்லும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரும், போதிய உதவி கொடுத்துப் பார்த்த பிறகும் முடிவெடுக்க இயலாதவருக்கே. இந்தப் பெண்ணிடம் யாரும் இதுவரை ஒன்றும் கேட்டே பார்க்கவில்லை. அதோடு அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உதவி செய்பவருக்கும் அந்தச் சொத்தில் ஆதாயம் இருந்தால் அந்தக் காரியத்தில் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. அண்ணனை ஒதுங்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டுதான் வெளியே போனார்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் கையை அசைத்தால் அவளுக்குப் புரியவில்லை. அவள் பேசியது அவள் வீட்டிலும் தெருவிலும் மட்டும் புழங்கும் சைகை. நூறு நாள் வேலைக்கு அவளோடு போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணை வரவழைத்தோம். போதவில்லை. பிறகு, பிறவியிலேயே காது கேளாத ஓர் இளைஞரை நடுவில் உட்கார வைத்தோம். அவளை அவர் பார்ப்பார், அவரை மொழிபெயர்ப்பாளர் பார்ப்பார், எனக்குத் தமிழில் வரும். என் கேள்வி அதே வழியில் திரும்பிப் போகும். அன்று மதியம் வேறு வேலை நடக்கவில்லை.

அவள் பங்குக்குப் பதில் அண்ணன் பணம் கொடுப்பதாக இருந்தார். அவள் இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். ஆடு கட்டும் பின்பக்கம் தனக்கு வேண்டும். அடுத்த முறை வந்தபோது இரு விரல்களை மேசையில் நடக்க விட்டு, சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். பின்பக்கத்துக்குப் போக வழி? பத்திர எழுத்தர் போட்டிருந்த வரைவில் பாதை உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. பாதை எவ்வளவு அகலம் என்பதையும் அவளே கையால் விரித்துக் காட்டினாள்: இரண்டு ஆடுகள் ஒன்றையொன்று இடிக்காமல் போகிற அளவு.

விபத்து வழக்குகள் இந்த அளவுக்கு நேரம் கேட்பதில்லை, ஆனால் அங்கேயும் சதவீதம் என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இடது காலை இழந்த வேன் ஓட்டுநருக்கு மருத்துவக் குழு ஒரு சதவீதம் எழுதித் தரும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் வருமான இழப்பும் அதே சதவீதம்தான் என்பார். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டும் வேறு என்று தெளிவாகவே சொல்லிவிட்டது: இடது கை போன குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம், தச்சருக்கோ ஓட்டுநருக்கோ பிழைப்பே போய்விடும். தீர்ப்பை நீட்டினால் மட்டும் போதாது. கிளட்ச்சை எந்தக் காலால் மிதிப்பீர்கள், இப்போது காலையில் எழுந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கூண்டில் நிற்பவரைச் சொல்ல வைக்க வேண்டும். அதை முன்கூட்டியே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

கோப்புகள் இரண்டு மடங்கானபோது குறைந்தது இந்த உட்காரும் நேரம்தான். துணைக்கு வந்தவரை டீ குடிக்க அனுப்பாமல் ஜூனியர்கள் அவரிடமே விவரம் வாங்கிக்கொள்வதைப் பார்த்தேன். குறை சொல்லவும் மனம் வரவில்லை. வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள், மறுநாள் வாய்தா வேறு. கூட ஒரு வக்கீலை எடுக்கலாம் என்றார்கள் நிர்வாகக் குழுவில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சம்பளத்தில், நடுவில் உட்கார்ந்த இளைஞரை முழுநேர ஊழியராக எடுத்தோம். வாதாட ஆள் கிடைக்கும், அவர் செய்வதைச் செய்ய இந்த மாவட்டத்தில் வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

அதற்கு விலையும் இருக்கிறது. எளிய கோப்புகளைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்கத் தொடங்கியிருக்கிறோம். மாதக் கடைசியில் ஒரு ஜூனியர் போன் போட்டு விசாரிக்கிறார். சிலர் அங்கே போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரம் என்கிறார்கள். அங்கே யாரிடம் என்ன கேட்பது என்ற பயம் அதில் பாதி இருக்கும். அவர்களோடு கூடப் போய்வர வெள்ளிக்கிழமைக்கு ஓர் ஆளை ஒதுக்கியிருக்கிறோம். வாரம் ஒரு நாள் போதுமா என்பது மழைக்காலம் முடிந்தால்தான் தெரியும்.