பழுது இல்லாத பெட்டி

மாரண்டஹள்ளி கடைத்தெருவில் என் தாய்மாமா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். தக்காளிக்கு விலை கிடைத்து ஊரில் காசு புரளும் மாதங்களில்தான் ரேடியோக்கள் கடைக்கு வரும். மற்ற நாட்களில் பம்புசெட் வேலைக்குப் போவார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டிருப்பார்கள். கிணற்றடிக்குப் போனதும் மாமா எர்த் குழியைத்தான் முதலில் தேடுவார். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய். சித்திரை வெயிலில் சுற்றியிருக்கும் மண் காய்ந்து வெடித்திருக்கும். "இதுக்குத் தண்ணி ஊத்தி எத்தினி நாளாச்சு?" என்று கேட்பார். பதில் வராது. மோட்டாரைக் கழற்றுவது அதற்கப்புறம்தான்.

ஓசூருக்கு ரயில் ஏறினால் ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டிப் போகும். 1990-களில் அந்தப் பக்கம் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் சொந்த ஓடுதளம் போட்டு, இத்தாலியின் பார்ட்டினேவியா பி68 என்ற ஆறு பேர் அமரும் இரட்டை இஞ்சின் விமானத்தைக் கட்டத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் சிறு விமானம் கட்டியது அதுவே முதல் முறை என்பார்கள். வேலிக்கு வெளியே நின்று வாலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய பையன்களில் நானும் ஒருவன். பிறகு படித்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) உரிமத்தில் பி2 பிரிவு வாங்கினேன். விமானத்தின் மின்சாரம், ரேடியோ, கருவிகள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பிரிவு அது. பெங்களூர்ப் பக்கத்து ஹேங்கர்களில் சிறு விமானங்களோடு பல வருடங்கள் போய்விட்டன.

அதில் ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு இருக்கை, ஒற்றை இஞ்சின், தனிநபர் ஒருவருக்குச் சொந்தம். தரையில் நிற்கும்போது டவருக்கு அவர் பேச்சு தெளிவாகக் கேட்கும். முப்பது கிலோமீட்டர் தாண்டினால் கரகரப்பு. பேசும் பொத்தானை அழுத்தினால் அவர் காதுக்குள்ளேயே ஒரு கீச்சொலி. எங்களிடம் வருவதற்கு முன் ரேடியோ பெட்டி இரண்டு முறை வேறொரு பட்டறைக்குப் போயிருந்தது. இரண்டு முறையும் 'பழுது இல்லை' என்று சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உரிமையாளர் சோர்ந்துபோயிருந்தார். "புதுசு வாங்கிடலாமா சார்?" என்று அவர்தான் கேட்டார். பல லட்சம் ரூபாய்க் கேள்வி அது.

பட்டறைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மேசையில் ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சரியாக 50 ஓம் சுமை ஒன்று இருக்கும். அதில் மாட்டினால் எந்த நல்ல பெட்டியும் ஒழுங்காகத்தான் பேசும். விமானத்தில் அது பேசவேண்டியது வேறொன்றிடம். விமானத்தில் இரண்டு ரேடியோக்கள் உண்டு. ஒரே மாதிரிப் பெட்டிகள். நான் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். கோளாறு பெட்டியோடு போகாமல் பழைய இடத்திலேயே நின்றது. அத்தோடு பெட்டிமேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. ஆன்டெனா கேபிளில் மீட்டரை மாட்டி அளந்தேன். அனுப்புகிற சக்தி வெளியே போகாமல் திரும்பி வருவதைக் காட்டும் எண் 4-ஐத் தாண்டி நின்றது. 2-க்குள் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இந்த ரேடியோக்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்பவை. கூரைமேல் நிற்கும் ஆன்டெனா அந்த அலையின் கால்பங்கு, ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். மிச்சப் பாதியாக வேலை செய்வது விமானத்தின் அலுமினியத் தோல். ஆன்டெனாவின் அடித்தட்டு அந்தத் தோலை உலோகத்தோடு உலோகமாகத் தொட்டிருக்கவேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட். எப்போதோ விமானத்துக்குப் புதுப் பூச்சு அடித்தபோது ஆன்டெனாவை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கும் சேர்த்து அழகாக அடித்து, மேலே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். தொடர்பு என்று இருந்தது நாலு திருகுகள் மட்டும். இரண்டு மழைக்காலத்தில் அவையும் பூத்துப்போய்விட்டன.

பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்துக்கு அரிப்பைத் தடுக்கும் அலோடின் பூசி, திருகுகளை மாற்றி, ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் பசை வைத்தோம். அரை நாள் வேலை. அடுத்த பறப்பில் அவர் வெகு தூரத்திலிருந்து பேசியது கடையில் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். "எர்த்தா?" என்று மட்டும் கேட்டார்.

மறு வருடம் அந்த விமானத்தின் உரிமையாளர் கருவிப் பேனலை மாற்றவேண்டும் என்றார். உலகம் முழுக்க நடக்கிற மாற்றம்தான். பழைய விமானங்களில் இஞ்சினோடு சுற்றும் ஒரு காற்று உறிஞ்சும் பம்ப், அந்த இழுவிசையில் சுழலும் கைரோ. பம்புக்குள் இருப்பவை கரித்தகடுகள். அவை முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். மேகத்துக்குள் அது உடைந்தால் எது மேல் எது கீழ் என்று காட்டும் கருவி மெல்லச் சாய்ந்து பொய் சொல்லும். அதை எடுத்துவிட்டுத் திரைக் கருவியும், நம் ககன் சமிக்ஞையை வாங்கும் ஜி.பி.எஸ்.ஸும் வைப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கி, 2013 டிசம்பரில் சான்று பெற்ற அமைப்பு ககன். ஜி.பி.எஸ். கணக்கில் வரும் பிழையைத் திருத்தித் தருவது அதன் வேலை.

ஆனால் திரை வாங்கிவிட்டால் மேம்படுத்தியாயிற்று என்று நினைப்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. பேனலுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். எப்போதோ கழற்றப்பட்ட கருவிகளின் வயர்கள் வெட்டிய நுனியோடு தொங்கும். எதிலும் பெயர் இருக்காது. இந்த விமானத்திலிருந்து எதற்கும் பயன்படாத வயரையே ஒரு கூடை எடுத்தோம். எடை, சமநிலைக் கணக்கைப் புதிதாகப் போடவேண்டியிருந்தது. திசை உணரும் சிறு பெட்டியை இறக்கைக்குள் வைத்தபின், லைட்டைப் போட்டால் திரையில் திசை சில டிகிரி நகர்ந்தது. பக்கத்தில் ஓடிய விளக்கு வயரின் மின்னோட்டமே காரணம். வயரைத் தள்ளிக் கட்டி, ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் போட்டுப் பார்க்க ஒரு நாள் ஆயிற்று. அந்த நாளுக்குக் காசு கேட்டால் உரிமையாளர்கள் முகம் மாறுவார்கள். அந்த ஒரு நாளை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

கழற்றவேண்டிய பட்டியலில் ஏ.டி.எஃப்.பும் இருந்தது. தரையிலுள்ள ஒலிபரப்பியை நோக்கித் திரும்பும் முள். அதற்கான தரை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன; பக்கத்தில் இடி மின்னல் இருந்தால் முள் அந்தப் பக்கம் ஓடிவிடும் என்ற குறையும் உண்டு. எடுக்கவேண்டியதுதான். ஆனாலும் அதன் சூத்திரம் எனக்கு மாமா கடையில் கிடைத்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கருப்பாக ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். "குச்சி நுனி ஸ்டேஷனைப் பாத்துச்சுன்னா சத்தம் செத்துப்போவும்டா, பக்கவாட்டுல திருப்பு" என்று மாமா சொல்வார். அந்தச் சத்தம் சாகும் திசையைத்தான் ஏ.டி.எஃப். தேடுகிறது. அது கேட்கும் அலைவரிசைக்குள் சாதாரண மீடியம் வேவ் வானொலியும் அடக்கம்.

கழற்றுவதற்கு முன் விமானத்தை ஹேங்கரின் இரும்புக் கூரையை விட்டு வெளியே தள்ளச் சொன்னேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 612 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பினேன். ஆகாசவாணி பெங்களூர். முள் ஒருமுறை நடுங்கி, மெதுவாகச் சுற்றி நகரத்தின் பக்கம் போய் நின்றது. கன்னடத்தில் ஒரு பழைய பாட்டு, பாதியிலிருந்து. உதவிக்கு வந்த பையன் ஸ்க்ரூ டிரைவரோடு கதவருகே காத்திருந்தான். பாட்டு முடிந்தபின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு அவனை உள்ளே வரச்சொன்னேன்.