திரைக்கு நேரே அம்மாவின் நாற்காலி

லாஸ் ஏஞ்சலிஸ் மெட்ரோவின் ‘இ’ தடம் கிழக்கே அட்லாண்டிக் நிலையத்தோடு முடிகிறது. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. என்னோடு இறங்கிய ஏழெட்டுப் பேரும் ஸ்பானிஷ் பேசிக்கொண்டே கலைந்துபோனார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் லத்தீனோக்கள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தெருமுனையில் ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் தமாலே விற்றுக்கொண்டிருந்தார். சோளமாவுக்குள் இறைச்சியோ மிளகாயோ வைத்து, சோளத்தோகையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. இரண்டு வாங்கிக்கொண்டு தெற்கே நடந்தேன்.

இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் தமிழ் நண்பர்தான் அழைத்திருந்தார். மாநில மாணவர் உதவி ஆணையம் ‘கேஷ் ஃபார் காலேஜ்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் இலவச முகாம்களை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து, கல்லூரிப் பண உதவிக்கான விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பி அனுப்பலாம். பெரும்பாலான மாநில உதவிக்கு மார்ச் 2 கடைசி நாள். “கடைசி மூணு சனிக்கிழமைல ஒண்ணுக்கு வாங்க, அப்பத்தான் எல்லாம் தெரியும்” என்றார்.

போகிற வழியில் கார்ஃபீல்ட் உயர்நிலைப்பள்ளி. பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாண்டே கணிதம் கற்பித்த பள்ளி இது. 1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். பலருடைய விடைகளில் ஒரே மாதிரிப் பிழைகள் இருப்பதாகத் தேர்வு நடத்தியவர்களுக்குச் சந்தேகம். 14 பேரை மறுபடி எழுதச் சொன்னார்கள். 12 பேர் எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். அதற்கும் முன்னே, 1968 மார்ச்சில், கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன் முதலிய பள்ளிகளின் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவில் இறங்கினார்கள். பையன்களைப் பட்டறை வேலைக்கும் பெண்களைத் தட்டச்சுக்கும் தள்ளிவிடாதீர்கள், எங்களுக்கும் கல்லூரிக்கான பாடங்களைக் கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அவர்களோடு நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ கைதாகி வேலையும் இழந்தார். பெற்றோர் போராடித்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தப் பிள்ளைகளின் திறமையைப் பற்றிய கேள்வியெல்லாம் அன்றே முடிந்துபோன ஒன்று. மீதியிருப்பது வழி காட்டும் வேலை. அதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

முகாம் நடந்த கூடத்துக்குள் பன்னிரண்டு மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மடிக்கணினி, மூன்று நாற்காலிகள். ஓரத்தில் காபி, இனிப்பு ரொட்டி, சின்னக் குழந்தைகளுக்கு வண்ணப் பென்சில்கள். ஆலோசகர் முப்பது வயதைத் தாண்டிய பெண். தையல் ஆலைத் தொழிலாளியின் மகள், வீட்டிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள். உள்ளே வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரே உட்காரவைத்தார். எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று: திரைக்கு நேரே பிள்ளையை உட்காரவிடவில்லை. அம்மாவோ அப்பாவோதான் அங்கே உட்கார வேண்டும். ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் ஸ்பானிஷ் தெரிந்த உதவியாளர்.

காரணம் கேட்டேன். “இந்தப் பிள்ளைங்க எட்டு வயசுலேர்ந்து வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர்ங்க. பேங்க்குல, ஆஸ்பத்திரில, வீட்டுக்காரர்கிட்ட, எல்லா இடத்துலயும் இவங்கதான் பேசணும். இந்த ஃபார்ம்ல அப்பாவோட வருமானத்தைக் கேப்பாங்க. அதைப் புள்ளை சத்தமாக் கேட்டு, அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்றதை நான் நிறையப் பாத்துட்டேன். நானும் எங்கம்மாகிட்ட அப்படிக் கேட்டவதான்” என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் மேசையில் சொல்லிலேயே சிக்கல். ஸ்பானிஷில் ‘கொலேஹியோ’ என்றால் பள்ளிக்கூடம். கல்லூரியை ‘உனிவெர்சிதாத்’ என்பார்கள். மகள் இரண்டு வருடமாக “காலேஜ், காலேஜ்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, “இப்ப போறதும் அதுதானே, எதுக்கு இவ்ளோ கவலைப்படறே” என்று நினைத்தேன் என்றார் ஒரு அம்மா. மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு வருடம் மகளோடு அதைப் பேசியிருக்கலாமே என்பது அந்த முகத்தில் இருந்தது.

இன்னொரு மேசையில் கட்டட வேலை செய்யும் ஒரு அப்பா. அவர் பேச்சில் ‘எதுகாசியோன்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. நாம் படிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்தச் சொல்லில் வளர்ப்பும் அடக்கமும் பெரியவர்களை மதிப்பதும் சேர்ந்தே இருக்கின்றன என்று உதவியாளர் எனக்குச் சொன்னார். அந்த அளவுகோலில் பையன் குறையே இல்லாதவன். ஆனால் பத்தாம் வகுப்பு வடிவியலில் ‘டி’. “டி வாங்கினாலும் பாஸ்தானே?” என்றார் அப்பா. பள்ளியை முடிக்க அது போதும். கலிபோர்னியாவின் இரண்டு பெரிய பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் போதாது. அவை கேட்பது பதினைந்து ஆண்டுப் பாடங்கள்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு என்று தொடங்கும் பட்டியல். எல்லாவற்றிலும் குறைந்தது ‘சி’ வேண்டும். இந்தப் பட்டியல் ஒன்பதாம் வகுப்பிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அப்பாவுக்கு அது தெரியவந்தது பன்னிரண்டாம் வகுப்பு பிப்ரவரியில். இதை நான் குடும்பத்தின் குறையாக எண்ண மாட்டேன். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது அவருக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பையனுக்கு வழி அடைபடவில்லை. பக்கத்திலேயே கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரி இருக்கிறது. முதல்முறை சேர்ந்து முழுநேரம் படிப்பவருக்கு இரண்டு ஆண்டுக் கட்டணம் கிடையாது. அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அப்படி மாறுகிறவர்களுக்காகவே ‘புயெந்தே’ என்றொரு திட்டம் பல கல்லூரிகளில் நடக்கிறது. ஸ்பானிஷில் பாலம் என்று பொருள். 1981-ல் ஹேவர்டில் உள்ள சபோ கல்லூரியில் தொடங்கியது. எழுத்துப் பயிற்சி, ஆலோசகர், அதே சமூகத்திலிருந்து வந்து வேலையில் இருக்கும் ஒரு வழிகாட்டி என்று மூன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். அப்பா அந்தப் பெயரைத் தன் கைபேசியில் எழுதிக்கொண்டார்.

நான் அதிக நேரம் நின்றது ஜன்னலோர மேசைக்குப் பக்கத்தில். அம்மா, மகள், மடியில் தூங்கும் தம்பி. மகள் லாஸ் ஏஞ்சலிஸிலேயே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். பெற்றோர் இருவரிடமும் குடியேற்றக் காகிதம் இல்லை. ஃபாஃப்சா எனப்படும் மத்திய அரசு விண்ணப்பத்தில் பெற்றோரும் தனிக் கணக்கு தொடங்கித் தங்கள் விவரங்களைத் தந்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் இதன் புதிய வடிவம் வந்தபோது, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரால் வாரக்கணக்கில் அதை முடிக்கவே முடியவில்லை. அந்தத் தடை பிறகு நீங்கிவிட்டது. இப்போது தடை வேறு, அது பயம். 2025 ஏப்ரலில் வருமான வரித்துறையும் குடியேற்றத்தைக் கவனிக்கும் துறையும் தகவல் பகிர ஒப்பந்தம் போட்டன. அந்த ஜூன் மாதம் குடியேற்ற அதிகாரிகள் இந்த நகரத்துத் தெருக்களிலேயே ஆட்களைப் பிடித்துப்போனார்கள்.

“இந்தப் பேரும் விலாசமும் எங்கே போகும்?” அம்மா திரையைத் தொடாமல் கேட்டார்.

ஆலோசகர் எதையும் மறைக்கவில்லை. “ஃபாஃப்சா மத்திய அரசுக்குப் போகும். ‘டிரீம் ஆக்ட்’ விண்ணப்பம் மாநிலத்துக்கு மட்டும் போகும்.” இரண்டாவது, காகிதமில்லாத மாணவர்களுக்காக 2011-ல் கலிபோர்னியா இயற்றிய சட்டங்களால் வந்தது. இவள்போல் குடும்பத்தில் சிலருக்குக் காகிதம் இருந்து சிலருக்கு இல்லாத மாணவர்களும் அதை நிரப்பலாம் என்று மாநில ஆணையம் அண்மையில் வழிவிட்டிருக்கிறது. மாநிலத்தின் ‘கால் கிராண்ட்’ அதில் கிடைக்கும். மத்திய அரசின் ‘பெல் கிராண்ட்’ கிடைக்காது. சில ஆண்டுகளாக அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 7,395 டாலர்; திருப்பிக் கட்ட வேண்டாத பணம். நான்கு ஆண்டுக்கு 29,580 டாலர் வரை.

உதவியாளர் தாளில் இரண்டு கோடுகள் போட்டு, இரண்டு பக்கமும் என்ன வரும், என்ன போகும் என்று எழுதிக் காட்டினார். இதைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா வெளியே போய்க் கணவரோடு கைபேசியில் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, “மிஹா, மாநிலத்துது” என்றார். ‘மிஹா’ என்றால் ‘என் மகளே’. அவள் தலையாட்டினாள்.

அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண், சட்டப்படி தனக்குச் சேர வேண்டிய உதவியை அப்பா அம்மாவைக் காப்பாற்றுவதற்காகக் கைவிட வேண்டியிருப்பது அநியாயம்.

விண்ணப்பம் முடிந்ததும் அந்த அம்மாவுக்குக் கேள்விகள் பெருகின. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா? வேண்டாம், கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் கிராண்டை ஏற்றுக்கொண்டு கடனை மட்டும் மறுக்கலாம். ஊரில் உள்ள பாட்டிக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைச் சொல்ல இடம் உண்டா? விண்ணப்பத்தில் இல்லை, கல்லூரி உதவி அலுவலகத்துக்குத் தனிக் கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். மகள் வெளியூருக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா? இதற்கு மட்டும் ஆலோசகர் பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தார். “மெர்செட் யுனிவர்சிட்டில இடம் கிடைச்சா போகணும்னு ஆசை, ஆனா இன்னும் அம்மாகிட்ட கேக்கல” என்றாள் அவள். தாயும் மகளும் அதைப் பற்றி முதல்முறையாகப் பேசத் தொடங்கினார்கள். நான் நகர்ந்து காபி எடுக்கப் போனேன்.

கூடம் அடைக்கும்போது மணி ஒன்று. வந்த குடும்பங்கள் பத்தொன்பது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் போனவை பதினான்கு. மற்ற ஐந்தும் அடுத்த வாரம் வரி ஆவணங்களோடு வரும்.

தெற்குக் கலிபோர்னியாவில் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளியின் கல்லூரி ஆலோசகரைக் கேட்டால் இந்த முகாம் எங்கே நடக்கிறது என்று சொல்வார். உதவிக்குப் போகிறவர்களுக்கு முகாம் நடத்துகிறவர்களே பயிற்சி தருவார்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் காகிதங்களைப் பிரதி எடுக்கவும் கை வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபருக்கும் மார்ச் 2-க்கும் நடுவில் சில சனிக்கிழமைக் காலைகளைக் கொடுங்கள்.