வெயிட்லிஸ்ட் நம்பர் 14

போன ஞாயித்துக்கிழமை ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. தோழியோட பொண்ணு. இங்கேயே கலிஃபோர்னியாவுல எகனாமிக்ஸ் படிச்சு முடிச்சு, ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறா. இப்போ டாக்டருக்குப் படிக்கணுமாம். அதுக்குத் தேவையான அடிப்படை அறிவியல் பாடங்களை கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சுக்கலாம்னு பதிவு பண்ணப் போயிருக்கா.

"ஆன்ட்டி, கெமிஸ்ட்ரி எல்லா செக்‌ஷனும் ஃபுல். வெயிட்லிஸ்ட்ல 14வது நம்பர். இதெல்லாம் கிடைக்குமா, இல்ல விட்டுடவா?"

கடுகு கருகிப் போச்சு. ரசமும் போச்சு. (ரங்கமணி ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டார். அவருக்குப் பழகிப்போச்சு.) போன்ல அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதிடறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க :-)

1996ல பிளஸ் டூ முடிச்சப்போ, மெடிக்கல் கட்-ஆஃப் 300க்கு. மார்க்ஷீட்ல இருந்து 200, நுழைவுத்தேர்வுல இருந்து 100. எனக்கு ரெண்டு மார்க் பத்தல. வீட்டுல ரெண்டு நாள் இழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் அப்பா இன்ஜினியரிங் விண்ணப்பத்தோட வந்தார். அப்புறம் எல்லாரும் போற பாதைதான். பி.இ., அமெரிக்காவுல எம்.எஸ்., மென்பொருள் வேலை, கல்யாணம், ஒரு பையன்.

2010ல கிரீன் கார்டு வந்துச்சு. அது இல்லாதவங்களை இங்கே பெரும்பாலான மெடிக்கல் காலேஜ்கள் எடுத்துக்கறதில்லை. அன்னிக்கு ராத்திரி ரங்கமணிகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். "எனக்கு 32தான் ஆகுது, இல்லையா?" மனுஷன் டிவியை அணைச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ பெரிய செலவு வருதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு.

விவரம் தெரியாதவங்களுக்காக: இங்கே மருத்துவம்கிறது ஒரு பட்டம் முடிச்ச பிறகு படிக்கிறது. எந்தப் பட்டமா இருந்தாலும் பரவாயில்லை. ஆனா உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் இதெல்லாம் பொதுவா ஒவ்வொண்ணும் ஒரு வருஷம், லேபோட படிச்சிருக்கணும். பல்கலைக்கழகத்துல போய்ப் படிச்சா வீட்டை விக்கணும். கம்யூனிட்டி காலேஜ்ல அப்போ ஒரு யூனிட் 26 டாலர். கெமிஸ்ட்ரி 5 யூனிட், ஆக 130 டாலர். சில மெடிக்கல் காலேஜ்கள் கம்யூனிட்டி காலேஜ் மார்க்கைக் கொஞ்சம் ஏற இறங்கப் பார்ப்பாங்க, அது வேற விஷயம். 130 டாலருக்கு டாக்டர் ஆகப்போறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்.

பதிவு பண்ற தேதி வந்தப்போதான் தெரிஞ்சது. புதுசா சேர்றவங்களுக்குக் கடைசித் தேதி. ராணுவத்துல இருந்து வந்தவங்க, மாற்றுத்திறனாளிகள் எல்லாம் முதல்ல. அடுத்தது, ஏற்கனவே நிறைய யூனிட் முடிச்சவங்க. நம்ம முறை வரும்போது பந்தியில பாயசமும் காலி, இலையும் காலி.

அந்தச் சமயம் அப்படி. 2008ல பொருளாதாரம் விழுந்து, 2009ல மாநில பட்ஜெட்டுல கல்லூரிகளுக்குக் கை வெச்சாங்க. கல்லூரிகள் வகுப்புகளைக் குறைச்சுது. வேலை போனவங்க எல்லாம் அதே நேரத்துல திரும்பப் படிக்க வந்தாங்க. 1960ல கலிஃபோர்னியா ஒரு மாஸ்டர் பிளான் போட்டுச்சு. படிச்சுப் பயனடையக்கூடிய யாருக்கும் இந்தக் கல்லூரிகளோட கதவு திறந்திருக்கும்னு அதுல சொன்னாங்க. கதவு என்னமோ திறந்துதான் இருந்துச்சு. உள்ளே நாற்காலி இல்லை.

லெக்சர்னா சுவரோரமா நின்னுகூடக் கேட்கலாம். லேப்ல அது முடியாது. ஆசிட், பர்னர் எல்லாம் இருக்கிற இடம். எங்க லேப்ல 24 இடம்னா 24தான். அதோட இந்தப் பாடங்கள் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோர்த்திருக்கு. முதல் கெமிஸ்ட்ரி முடிச்சாதான் ரெண்டாவது, அது முடிச்சாதான் ஆர்கானிக், அதுவும் ரெண்டு. எஞ்சின்லயே இடம் கிடைக்கலைன்னா மொத்த வண்டியும் போயிரும்.

2010 ஆகஸ்ட். வெயிட்லிஸ்ட்ல 9. முதல் நாள் வரலைன்னா பேரை அடிச்சிருவாங்க, அந்த இடம் நமக்கு வரும்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு பேர்தான் வரலை. ஏழு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளியே வந்தோம். கார்ல உட்கார்ந்து அழுதேன். பழைய ரெண்டு மார்க் ஞாபகம் வந்துருச்சு.

அந்தப் பருவத்துல கிடைச்சது சாயங்கால சைக்காலஜி மட்டும்தான். யூனிட் சேர்ந்தா அடுத்த தடவை பதிவுத் தேதி கொஞ்சம் முன்னாடி வரும்கிற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தேன். (2015ல மருத்துவ நுழைவுத்தேர்வான எம்கேட்டை மாத்தினப்போ சைக்காலஜியும் சேர்த்துட்டாங்க. நேரம் போக்க எடுத்த பாடம்தான் கடைசியில கைகொடுத்துச்சு.)

2011 ஜனவரி. இந்தத் தடவை வெயிட்லிஸ்ட்டே ஃபுல். அதாவது கியூவுல நிக்கறதுக்கே இடமில்லை. அவ்வ்வ்வ். இருந்தாலும் போனேன். காலையில ஏழரை மணி வகுப்பு. என்னை மாதிரியே அழையா விருந்தாளிங்க பதினொரு பேர் பின்வரிசையில. பேராசிரியர் வயசானவர், கறார். "அடுத்த திங்கள் வரைக்கும் வாங்க, வீட்டுப்பாடம் செய்ங்க, அப்புறம் பார்க்கலாம்" அப்படின்னார்.

என் பக்கத்துல ஒரு பொண்ணு. இருபது வயசு இருக்கும். ராத்திரி ஒரு மளிகைக் கடையில சரக்கு அடுக்கற வேலை, முடிச்சுட்டு நேரா வகுப்புக்கு. ஃபார்மசி படிக்கணும்னு ஆசை. இதே வகுப்புக்கு இது அவளுக்கு மூணாவது பருவமாம். எங்கிட்ட புத்தகம் இல்லை, இடமே கிடைக்காம எதுக்கு வாங்கறதுன்னு விட்டிருந்தேன். அவகிட்ட பழைய பதிப்பு ஒண்ணு இருந்துச்சு, அட்டை கிழிஞ்சது. ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சு, ஒரு வாரம் முழுக்க எனக்கும் சேர்த்துப் பக்கம் திருப்பினா.

அடுத்த திங்கள் வந்துச்சு. வெயிட்லிஸ்ட்ல இருந்தவங்களை எடுத்தது போக ஒரே ஒரு இடம் மிச்சம். அதுக்குள்ள பதினொரு பேர்ல நாலு பேர் நின்னுட்டாங்க, மிச்சம் ஏழு. பேராசிரியர் ஏழு துண்டுக் காகிதத்துல எங்க பேரை எழுதி, ஒரு பீக்கர்ல போட்டுக் குலுக்கினார். திருவுளச்சீட்டு! நம்ம ஊர்க் கோயில்லதான் பார்த்திருக்கேன்.

என் பேர் வந்துச்சு.

அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு "கங்கிராட்ஸ்" அப்படின்னா. அப்புறம் புத்தகத்தை எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. வகுப்பு நடந்துக்கிட்டு இருந்ததால சத்தம் வராம ஜிப்பை மெதுவா மெதுவா மூடினா. அந்தச் சத்தம் இன்னிக்கும் காதுல இருக்கு.

விட்டுக் கொடுத்திருக்கலாமே, உனக்குத்தான் ஒரு வேலை இருக்கே, எம்.எஸ். இருக்கேன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். கொடுக்கலை. ரெண்டு மார்க்ல ஒரு தடவை விட்டவ நான், இந்தத் தடவை யாருக்காகவும் விடறதா இல்லைன்னு நெஞ்சுக்குள்ள ஒரு பிடிவாதம். வெளியே போய் ஆட் கோடு போட்டு 130 டாலர் கட்டிட்டுதான் மூச்சு விட்டேன். அதுல எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் வேற இடத்துல.

2012 ஜனவரி. ரெண்டாவது கெமிஸ்ட்ரியும் முடிச்சு, இயற்பியலுக்கு இடம் கிடைச்சிருச்சு. யூனிட் 36 டாலர் ஆகியிருந்துச்சு (அந்தக் கோடையில 46 ஆச்சு). என் வகுப்புக்கு வெயிட்லிஸ்ட் நிரம்பி வழிஞ்சது. எனக்கோ ஆபீஸ்ல ரிலீஸ், பையனுக்கு மாறி மாறிக் காய்ச்சல். ரெண்டாவது வாரமே தெரியும், என்னால முடியாதுன்னு. ஆனா கிடைச்ச இடமாச்சே, விட மனசு வரலை. பார்க்கலாம் பார்க்கலாம்னு இழுத்து ஆறாவது வாரம் விட்டேன். சர்டிஃபிகேட்ல ஒரு 'டபிள்யூ' விழுந்துச்சு. அது போகட்டும். ஆறாவது வாரத்துல விட்டா அந்த இடத்துல யாரையும் சேர்க்க முடியாது. பருவம் முழுக்க அந்த லேப்ல ஒரு ஸ்டூல் காலியா இருந்துச்சு. கிழிஞ்ச அட்டை புத்தகத்தோட யாரோ ஒருத்தர் கார்ல உட்கார்ந்து அழுதிருப்பாங்க.

அது அப்படிப்பட்ட வருஷம். ஏப்ரல்ல சான்டா மோனிகா கல்லூரியில, கூட்டம் அதிகமான சில வகுப்புகளைக் கூடுதல் கட்டணத்துல தனியா நடத்தலாம்னு திட்டம் போட்டாங்க. எதிர்த்து வந்த மாணவர்கள் மேல நிர்வாகக் குழுக் கூட்டத்துல மிளகு ஸ்ப்ரே அடிச்சாங்க. அப்புறம் திட்டத்தை நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க வெயிட்லிஸ்ட் எண்ணிக்கை 4,70,000ஐத் தாண்டிச்சு. நவம்பர்ல மக்கள் ஓட்டுப் போட்டு, புரொபொசிஷன் 30னு ஒரு வரி வந்த பிறகுதான் வகுப்புகள் மெல்லத் திரும்ப வர ஆரம்பிச்சுது. இந்தக் கணக்கையெல்லாம் பேப்பர்ல படிக்கும்போது அரசாங்கத்தைத் திட்டத் தோணும். திட்டவும் செய்யணும். ஆனா அதுல ஒரு காலி ஸ்டூல் நான் போட்டது.

அதனால அந்தப் பொண்ணுக்கு (அதாவது தோழி பொண்ணுக்கு) நான் சொன்னது இதுதான்:

14ன்னா பயப்படாதே. கட்டணம் கட்டாதவங்க பேரை அடிக்கிற தேதிக்கு மறுநாள் காலையில முதல் வேலையா பட்டியலைப் பாரு. ஏழரை மணி லேப், சனிக்கிழமை லேப், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதுக்கெல்லாம் போட்டி குறைவு. பக்கத்து ஊர்க் கல்லூரியையும் பாரு, ஆனா ஒரே நேரத்துல வர்ற ரெண்டு வகுப்புக்கு வெயிட்லிஸ்ட்ல நிக்காதே. முதல் நாள் போ, ரெண்டாவது நாளும் போ, இடம் இல்லைன்னு சொன்ன பிறகும் போ. சேராத வகுப்புக்கு வீட்டுப்பாடம் எழுது. நடுவுல ஒரு பாடமாவது எடுத்து யூனிட் சேர்த்துக்கோ.

கடைசியா ஒண்ணு. இடம் கிடைச்சு, முடியாதுன்னு தோணினா முதல் வாரத்துலயே விட்டுடு. இழுக்காதே. உனக்குப் பின்னாடி நிக்கறவங்க முகம் உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"நீங்க ஏன் ஆன்ட்டி டாக்டர் ஆகலை?"ன்னு கேட்டா. நேர்மையான கேள்வி. ரெண்டு வருஷத்துல முடியவேண்டியதை நாலு வருஷமா முடிச்சேன். 2015ல எம்கேட் எழுதினேன். ஒரே ஒரு காலேஜ்ல இருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. அங்கேயும் வெயிட்லிஸ்ட்! மறு வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தேன். வரலை. இன்னொரு தடவை எழுத உடம்புலயும் தெம்பில்லை, பேங்க்லயும் இல்லை. வருத்தம் போயிருச்சான்னா, முழுசா போகலை. மருந்துக்கடையில வெள்ளைக் கோட்டு போட்ட பெண்களைப் பார்த்தா மட்டும் பேர் அட்டையைப் படிக்கிறேன். அவளா இருக்குமோன்னு. வயசுக் கணக்கு ஒத்துவந்தா கூட ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வருவேன்.

நேத்து அவகிட்ட இருந்து மெசேஜ். முதல் வகுப்புக்குப் போனாளாம். 14, ஒரே நாள்ல 5 ஆயிருச்சாம். நாளைக்கு லேப். இன்னும் இடம் உறுதியில்லை, போகவான்னு கேட்டிருந்தா.

"போ. லேப் கண்ணாடி வாங்கிட்டுப் போ"ன்னு பதில் போட்டேன்.