ஒரு இடம் தள்ளிப் போடு

18 வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன். இரண்டு இலக்கப் பெருக்கலில் இரண்டாவது வரியை ஏன் ஒரு இடம் தள்ளி எழுதுகிறோம் என்பது அந்த 18 வருஷமும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதே தெரியாமல் இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதுவும் பொய். 2018 ஆகஸ்டில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியாது என்பது அன்றிலிருந்து தெரியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மீஞ்சூரில் லோக்கல் ஏறி, பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களோடு நின்றுகொண்டே போய் இறங்குவேன். அவர்களுடைய பிள்ளைகள்தான் என் வகுப்பு. சிலர் வீட்டில் தெலுங்கு. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராதானே. ஒடியாவும் இந்தியும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளும் வருஷத்துக்கு வருஷம் கூடி வந்தார்கள்.

அன்று கரும்பலகையில் 14 × 12 போட்டிருந்தேன். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். முதலில் இரண்டால் பெருக்கு, இருபத்தெட்டு. அடுத்து ஒன்றால் பெருக்கு. ஒன்றாம் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, பதினாலைத் தள்ளி எழுது. கூட்டு. 168.

"ஒன்னால பெருக்குனா பதினாலுதானே டீச்சர்? அதை ஏன் தள்ளணும்?"

"தள்ளணும்னா தள்ளணும்."

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. "தள்ளலேன்னா என்ன ஆவும் டீச்சர்?"

"மார்க் போவும். வெளில போய் நின்னு பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைப் பத்து தடவை எழுது."

எழுதினாள். அவள் கேள்வியில் திமிர் துளியும் இல்லை. பயந்தவள் நான். நாற்பது முகங்களுக்கு முன்னால் பதில் இல்லாமல் நிற்கிற பயம். பிரம்பை எப்போதோ கீழே வைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அந்த வேலையை வாய்ப்பாட்டை வைத்து முடித்தேன்.

வாய்ப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வகுப்புக்கு அதுதான் காலை வணக்கம், அதுதான் அரை மணி நேரத் தூக்கம். ராகம் போட்டுச் சொல்வார்கள். நான் வருகைப் பதிவேட்டை முடித்துவிடுவேன். நடுவில் ஒருவனை நிறுத்தி "ஏழெட்டு எவ்வளவு?" என்றால் விழிப்பான். பிறகு ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு என்று கீழிருந்து ஏறி வருவான். பாதியில் யாராவது தும்மினால் மறுபடி ஓரெட்டு. பாட்டில் அடி மறந்தவன் பல்லவியிலிருந்து தொடங்குவது மாதிரி. இதைக் கணக்கு என்று நம்பினேன்.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 நவம்பர் 1-ல் பள்ளி திறந்தபோது, பீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நம் வாய்ப்பாடு 1 × 8, 2 × 8, 3 × 8 என்று போகும். அவர்கள் படித்தது 8 × 1, 8 × 2, 8 × 3. ஒரு பக்கம் "மூவெட்டு", இன்னொரு பக்கம் "எய்ட் த்ரீஸ்". எது சரி என்று ஒரே சண்டை. நான் தீர்ப்புச் சொன்னேன்: இங்கே நம்ம முறைதான். இரண்டும் ஏன் ஒரே விடை தருகிறது என்று காட்ட ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் காட்டி மனப்பாடத்துக்கு வக்காலத்து வாங்குவேன். எண்சுவடியை மனப்பாடம் செய்துதானே நம் முன்னோர் கணக்குப் பிள்ளை ஆனார்கள் என்பேன். அந்தச் சுவடியைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை. கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு அந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் அந்தச் சுவடியில் வரும் குழிமாத்து என்ன என்று புரிந்தது. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தால் அது ஒரு குழி. நிலத்தை அளப்பதற்கான வர்க்கப் பெருக்கம்தான் குழிமாத்து. பெருக்கலைச் சொல்லும்போது அந்தப் பையன்களின் காலடியில் மண் இருந்திருக்கிறது. நான் மண்ணை விட்டுவிட்டு சத்தத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். வாய்ப்பாடு என்கிற பெயரிலும் வாய் மட்டும்தானே இருக்கிறது.

வழி காட்ட ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பத்து மணிகள் ஒரு கம்பி, பத்துக் கம்பி சேர்ந்தால் நூறு மணிச் சதுரம் என்று பெருக்கலைக் கையில் கொடுத்தவர். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் அந்த வாசனை இருந்தது. எங்கள் பள்ளிக்கும் மணிச்சரங்கள் ஒரு பெட்டியில் வந்தன. பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் தொலைத்துவிட்டால் விசிட்டில் யார் பதில் சொல்வது? அதிகாரி வரும் அன்று வெளியே வரும். அவர் ஜீப் கிளம்பியதும் உள்ளே போகும். ஒரு மணிகூடத் தொலையவில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டர் சுத்தமாக இருந்தது.

2022 ஜூன் 13-ல் எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கத்தில். முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த கல்வியாண்டில் நான்குக்கும் ஐந்துக்கும் வந்தது. அதற்கான பயிற்சியில் டீ இடைவேளை. பக்கத்து ஊர்ப் பள்ளித் தம்பி ஒருவர், வேலைக்கு வந்து நாலைந்து வருஷம்தான் இருக்கும், கட்டம் போட்ட நோட்டில் ஒரு செவ்வகம் வரைந்தார். குறுக்கே 14 கட்டம், கீழ்நோக்கி 12. பத்தாவது வரிசைக்குக் கீழே ஒரே ஒரு கோடு இழுத்தார்.

"பாருங்கக்கா. கீழ ரெண்டு வரிசை, இருபத்தெட்டு. மேல பத்து வரிசை, நூத்தி நாப்பது. நாம ஒன்னால பெருக்கறதே இல்ல, பத்தால பெருக்கறோம். அதான் தள்ளிப் போடறோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பதில் இவ்வளவுதான். ஒரு கோடு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா தம்பி, நானும் இப்படித்தான் நடத்துவேன்."

அந்தப் பொய்யோடு ரயில் ஏறினேன்.

மறுநாள் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது வேறு. பலகை நிறைய கட்டம் போட்டேன். நான்கு பெட்டி போடு, மேலே 10, 4, பக்கத்தில் 10, 2, பெட்டிக்குள் 100, 40, 20, 8, கூட்டு. ஒரே வாரத்தில் எல்லாரும் போட்டார்கள். எவ்வளவு பெருமை! ஒரு பையனுடைய நோட்டில் நான்கு பெட்டியும் ஒரே அளவில் இருந்தன. "இதுல எதுடா பெருசு?" என்றேன். நான்கையும் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எல்லாம் ஒன்னுதான் டீச்சர்." நூறும் எட்டும் அவனுக்கு ஒரே அளவு. தள்ளிப் போடு என்பதற்குப் பதிலாக நான்கு பெட்டி போடு என்று இன்னொரு மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெருக்கல் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் திட்டத்தின் செயலியில் டிக் போட்டாகிவிட்டது. அந்த டிக்கை நான் எடுக்கவும் இல்லை.

பின்தங்கிய பிள்ளைகளை மெல்லக் கற்போர் என்று எழுதிக்கொண்டிருந்தோம்; பிறகு மெல்ல மலரும் மாணவர் என்று எழுதினோம். பிள்ளைக்குப் பெயரை மாற்றினோம். பாடத்தை நான் மாற்றவில்லை.

மாற்றியது ஒரு முட்டை அட்டை. சத்துணவுக் கூடத்துக்கு வெளியே காலி அட்டைகள் அடுக்கிக் கிடக்கும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி. ஒடியா பேசுகிற ஒரு பையன், தமிழ் இன்னும் சரியாக வராது, சத்துணவு ஆயாவுக்கு அட்டை தூக்கிக் கொடுப்பான். அவன் முன்னால் ஓர் அட்டையையும், இன்னொன்றிலிருந்து வெட்டிய இரண்டு வரிசையையும் ஒட்டி வைத்து, "ஏழாறு எவ்வளவு?" என்றேன். விரல் விட்டு எண்ணப் போகிறான் என்று நினைத்தேன். முழு அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தான். "முப்பது." ஒட்டிய துண்டை மட்டும் எண்ணினான். "பன்னிரண்டு." கொஞ்ச நேரம் உதடு அசைந்தது. "நாப்பத்திரெண்டு."

ஆறாம் வாய்ப்பாடு அவனுக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பி வைத்தேன். ஐந்து வரிசை ஆறானது, ஆறு குழி ஐந்தானது. "இப்ப?" என்றேன். இதைப் போய் ஏன் கேட்கிறாய் என்பது போல் பார்த்தான். மூவெட்டா எய்ட் த்ரீஸா என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன தீர்ப்பு அங்கே செத்தது.

அதன் பிறகுதான் வராந்தாவுக்குப் போனோம். டைல்ஸ் தரை. 14 டைல்ஸ் குறுக்கே, 12 நீளவாக்கில் என்று வண்ணச் சுண்ணக்கட்டியால் எல்லை போட்டு, உள்ளே நான்கு பெட்டியாகப் பிரித்தோம். நான்கு பெட்டியையும் ஒரே அளவில் வரைந்த பையனையே நடக்கச் சொன்னேன். நூறு டைல்ஸ் உள்ள பெட்டியில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தும் இடம் இருந்தது. எட்டு டைல்ஸ் மூலையில் இரண்டு பேருக்கே இடிபட்டது. "டீச்சர், இது ரொம்பச் சின்னது" என்றான். நோட்டில் பெட்டியை அழித்து மறுபடி வரைந்தான். நான் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்தபோது 2018-ல் கேட்டவள் அங்கே இல்லை. அப்பாவுக்கு சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் காண்ட்ராக்ட் வேலை; அது முடிந்ததும் அந்த வருஷமே அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு டி.சி. வாங்கிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்கள். அவளுடைய கணக்கு நோட்டைத் திருத்தியது நினைவிருக்கிறது. 14 × 12-க்குக் கீழே 28, அதற்கு நேர் கீழே தள்ளாமல் 14, கூட்டினால் 42. வேண்டுமென்றே தள்ளாமல் போட்டுப் பார்த்திருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து "தள்ளி எழுது" என்று எழுதினேன். பதினாலை மூன்று முறை கூட்டினாலும் 42தான் என்று அவளிடம் சொல்லியிருந்தால், மீதி ஒன்பது பதினாலு எங்கே போயிற்று என்று அவளே கேட்டிருப்பாள். கேட்கக்கூடியவள்தான்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டலோ ஹாஸ்டலோ மளிகைக் கடையோ நடத்துகிறவராக இருந்தால், காலி முட்டை அட்டைகளை எடைக்குப் போடாதீர்கள். பக்கத்து ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். எங்கள் பள்ளியில் மழையில் நனைந்தது போக இப்போது பதினொன்றுதான் இருக்கிறது. மணிச்சரப் பெட்டி பீரோவுக்கு வெளியே வந்துவிட்டது. இதுவரை மூன்று சரம் காணவில்லை.