தட்டுல ஒரு முட்டை

"ஏழை ஜனங்களுக்குப் புள்ளைங்க படிப்புல அக்கறை இல்ல"ன்னு இன்னிக்கு டீக்கடையில ஒருத்தர் சொன்னார்.
கோபம் இன்னும் அடங்கல.

ழான் த்ரேஸ் ஞாபகம்தான் வந்துச்சு.
பெல்ஜியத்துல பிறந்து, லண்டன்ல பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். 2002ல இந்தியக் குடிமகன் ஆனார். அமர்த்தியா சென்னோட சேர்ந்து பசியைப் பத்திப் புத்தகம் எழுதின பெரிய படிப்பாளி. ஆனா கிராமம் கிராமமா நடந்து, பள்ளிக்கூடத் திண்ணையில உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதுவார்.

1999ல பள்ளிக் கல்வியைப் பத்தி வந்த 'புரோப்' அறிக்கையில அவர் பங்கு பெருசு. வட மாநிலங்கள்ல வீடு வீடாப் போய்க் கேட்டாங்க. பெத்தவங்களுக்கு ஆசை நிறையவே இருந்துச்சு. போய்ப் பார்த்த நேரத்துல பாதிப் பள்ளிக்கூடத்துல பாடம்தான் நடக்கல!

அப்புறம் உணவு உரிமைப் போராட்டத்துலயும் அவர் இருந்தார். 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு: பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குத் தானியமாக் குடுக்காதீங்க, சமைச்சுப் போடுங்க.
இந்தச் சத்துணவு நம்ம தமிழ்நாட்டுல 1982லயே பெருசா ஆரம்பிச்சதுதான். அதையும் அவர் மனசாரப் பாராட்டி எழுதியிருக்கார்.

இப்போ ராஞ்சியில இருக்கார். சத்துணவுல முட்டை வேணும்னு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கார்.
சில மாநிலங்கள் இன்னும் மறுக்குது.

ஒரு குழந்தை தட்டுல முட்டை விழுந்தா யாருக்குங்க நஷ்டம்?